முப்பது படங்கள்

கதை எழுதுகிறவனுக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எனக்குத் தெரிந்ததெல்லாம் என் தங்கை மகன் சொல்லித் தெரிந்துகொண்டதுதான். அவன் அந்தத் தொழிலில் இருக்கிறான். அவன் சொல்கிற விஷயங்களில் முக்கால்வாசி எனக்குப் புரிவதில்லை. புரிந்ததுபோல் தலையை ஆட்டிவைப்பேன். ஆனால் சென்ற வருஷம் அவன் சொன்ன ஒரு விஷயம் மட்டும் என் தொழிலுக்கு மிகவும் நெருங்கியதாக இருந்தது. எதை எடுத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்பதுதான் அது. ஐம்பது வருஷமாகக் கதை எழுதி நான் செய்துவருகிற வேலையும் ஏறக்குறைய அதுதான். ஆகவே இதைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல எனக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

விஷயம் ஐகான்களைப் பற்றியது. உங்கள் செல்போனை எடுத்துப் பாருங்கள். வீடு மாதிரி ஒரு சின்னப் படம் இருக்கும், பூதக்கண்ணாடி இருக்கும், குப்பைத்தொட்டி இருக்கும், பழைய டெலிபோனின் ரிசீவர் இருக்கும். அந்த மாதிரி ரிசீவரை இன்றைக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் பலர் கையால் தொட்டே இருக்க மாட்டார்கள். இருந்தாலும் அந்தப் படத்தைத் தொட்டால் பேசலாம் என்று ஒன்றரை வயதுக் குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. எழுத்துத் தெரியாதவர்களும் படிக்கக்கூடிய எழுத்து அது.

இந்தப் படங்களுக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1984ஆம் வருஷம் மக்கின்டோஷ் என்ற கம்ப்யூட்டர் வெளிவந்தபோது அதற்குப் படம் போட்டவர் சூசன் கேர் என்ற அம்மையார். கிராஃப் காகிதத்தில் நீளவாட்டில் 32 கட்டம், குறுக்குவாட்டில் 32 கட்டம். மொத்தம் 1,024 கட்டங்கள். சில கட்டங்களைக் கறுப்பாக்குவது, மற்றவற்றை வெள்ளையாக விடுவது. அவ்வளவுதான் அவருக்கு இருந்த வசதி. அதற்குள் குப்பைத்தொட்டியும் வந்துவிட்டது, சிரிக்கிற கம்ப்யூட்டரும் வந்துவிட்டது, திரி வைத்த வெடிகுண்டும் வந்துவிட்டது. நம் ஊர்ப் பெண்கள் புள்ளி வைத்துக் கோலம் போடுகிற வித்தைக்கு இது அதிக தூரமில்லை.

இப்போது கட்டம் கட்டமாக மை பூசுவதில்லை. எஸ்.வி.ஜி. என்று ஒரு முறை வந்திருக்கிறது. 2001ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் அதற்கு முறைப்படி அங்கீகாரம் கிடைத்தது. இதில் படம் என்பது படமே அல்ல. படம் போடுவதற்கான கட்டளை. பேனாவை இந்த இடத்தில் வை, இங்கிருந்து அங்கே கோடு இழு, இப்படி வளை, புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி மூடிவிடு. இவ்வளவையும் எழுத்தாகவே எழுதி அனுப்பிவிடுகிறார்கள். வாங்குகிற செல்போன் அதைப் படித்துத் தானே வரைந்துகொள்கிறது. ஆகையால் எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் பிசிறு தட்டாது. சுற்றியிருக்கிற எழுத்தின் நிறத்தையே படத்துக்கும் கொடுத்துவிடலாம். ஒரு சாதாரண ஐகானுக்கு ஏறக்குறைய 400 எழுத்து போதும். ஒரு போஸ்ட் கார்டில் அடக்கிவிடலாம்.

போஸ்ட் கார்டு என்ன கனம் கனக்கப் போகிறது என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கொல்லிமலை விஷயத்தைக் கேட்கும்வரையில்.

நாமக்கல் பக்கத்தில் சில வாலிபர்கள் சேர்ந்து ரத்ததானம் செய்கிறவர்களின் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறார்கள். முன்பு அது ஒரு நோட்டுப் புத்தகமாக இருந்தது. பிறகு யாரோ ஒருவருக்குப் பணம் கொடுத்து, செல்போனில் பார்க்கிறாப்போல் ஒரு ப்ரோகிராமாக மாற்றிக்கொண்டார்கள். எந்த ஊர், எந்த வகை ரத்தம் என்று சொன்னால் கொடுக்கக்கூடியவர்களின் பெயரும் டெலிபோன் நம்பரும் வரும். பார்வைக்கு அழகாக இருந்தது. நகரத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் எல்லோரும் பிரமாதம் என்று சொன்னார்கள்.

கொல்லிமலைக்குப் போகிற பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. மலைமேல் சில ஊர்களில் செல்போனுக்குச் சமிக்ஞை கிடைப்பது தெய்வ சங்கற்பம். ஒரு நாள் இரவு அங்கேயிருந்து ஒரு பெண்ணைப் பிரசவத்துக்காகக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தார்கள். ரத்தம் வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கூடப் போனவர்களிடம் பட்டன் போன்தான் இருந்தது. ஊரில் இருந்த தம்பியைக் கூப்பிட்டு, "அந்தப் பட்டியலைப் பார்த்து யாருக்காவது போன் போடு" என்று சொன்னார்கள். தம்பி வாசல் திண்ணையில் நின்று பார்த்தான், மொட்டைப் பாறைமேல் ஏறி நின்று பார்த்தான். திரை வெள்ளையாகவே இருந்தது. ஒரு எழுத்துக்கூட வரவில்லை. கடைசியில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த இருட்டில் 70 வளைவையும் இறங்கி வந்துவிட்டான். அதற்குள் வேறு வழியில் ரத்தம் கிடைத்துவிட்டது. தாயும் குழந்தையும் சௌக்கியம். அந்த வாலிபர்கள் விசாரிக்கப் போனபோது தம்பி கோபித்துக்கொள்ளவில்லையாம். "வெறும் வெள்ளையா இருந்துதுங்க. எனக்குத்தான் பார்க்கத் தெரியலையாட்ட இருக்குதுங்க" என்றானாம்.

இந்த ஒரு வாக்கியம் என் தங்கை மகனை என்னவோ செய்துவிட்டது. பைசா வாங்கிக்கொள்ளாமல் அந்த ப்ரோகிராமைப் பிரித்துப் பார்க்கிறேன் என்று ஒப்புக்கொண்டு வந்துவிட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவன், திடீரென்று சிரிக்க ஆரம்பித்தான்.

"என்னடா?" என்றேன்.

"படம் மாமா, படம்! ஆயிரத்து ஐந்நூறு படத்தைக் கொண்டாந்து எறக்கி வச்சிருக்காங்க. ஒரு கரண்டி ரசத்துக்கு மளிகைக் கடையையே வண்டியில ஏத்திட்டு வந்த மாதிரி."

"அத்தனையும் எதற்கு?"

"எதுக்கும் இல்லீங்க மாமா. விமானம் இருக்கு, ஒட்டகம் இருக்கு, ஐஸ்கிரீம் இருக்கு. இந்தப் பட்டியல்ல ஒட்டகத்துக்கு என்ன வேலை?"

கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு படத்துக்கு 400 எழுத்து என்றால் 1,500 படத்துக்கு 6,00,000 எழுத்து. மலையில் சமிக்ஞை மெலிந்திருக்கும்போது விநாடிக்கு 10,000 எழுத்து வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிஷம் ஆகும். நடுவில் தொடர்பு அறுந்தால் மறுபடியும் முதலிலிருந்து. சுருக்கிக் கட்டி அனுப்புகிற வழியும் உண்டு; அதனால் மூட்டை மூன்றில் ஒரு பங்காகக் குறையலாம். ஆனால் வந்து சேர்ந்த பிறகு செல்போன் அத்தனையையும் அவிழ்த்துப் படித்துத்தான் ஆகவேண்டும். விலை குறைந்த போனுக்கு அதுவே மூச்சு வாங்கும். இதில் இன்னொரு கொடுமை, படமும் பெயர்களைக் காட்டுகிற ப்ரோகிராமும் ஒரே கட்டாகக் கட்டப்பட்டிருந்தன. ஒட்டகம் வந்து சேரும்வரையில் ரத்தம் கொடுப்பவரின் பெயர் வராது!

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? சோம்பேறித்தனம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாது. ஒவ்வொரு காலத்திலும் ஒரு காரணம் இருந்திருக்கிறது. ஆரம்பத்தில் ஒவ்வொரு படமும் தனித் தனியாக வந்தது. ஒவ்வொன்றுக்கும் போன் ஒரு தடவை போய்க் கேட்டு வாங்கி வரவேண்டும்; அதிலும் ஒரே இடத்தில் ஒரு சமயத்தில் சில பேருக்கு மேல் வரிசையில் நிற்க முடியாது. ஐம்பது படம் என்றால் எத்தனை நடை! அதற்காக 2004ஆம் வருஷம் டேவ் ஷே என்பவர் ஒரு யுக்தியை எழுதிப் பிரபலப்படுத்தினார். எல்லாப் படத்தையும் ஒரே தாளில் ஒட்டி அனுப்பிவிடுவது. தாள்மேல் ஒரு சின்ன ஜன்னலை வைத்து வேண்டிய படம் மட்டும் தெரிகிறாப்போல் தாளை நகர்த்துவது. திருவிழாவில் பயாஸ்கோப் பெட்டிக்காரன் காட்டுகிற வித்தைதான். ஐம்பது நடை ஒரு நடையாயிற்று. பிறகு 2012ஆம் வருஷம் ஃபான்ட் ஆஸம் என்று ஒன்று வந்தது. படங்களையெல்லாம் அச்செழுத்து மாதிரி ஒரு எழுத்துருவுக்குள் வைத்துவிட்டார்கள். க, ங, ச எழுதுகிறாப்போல வீடு, மணி, பூட்டு என்று எழுதிக்கொண்டு போகலாம். சௌகரியம்தான். ஆனால் ஒரு பூட்டு வேண்டுமென்றாலும் எழுத்துரு முழுவதையும் வாங்கியாக வேண்டும். அதன் 4.7ஆம் பதிப்பில் 675 படங்கள் இருந்தன.

எஸ்.வி.ஜி. பரவலாகப் புழக்கத்துக்கு வந்த பிறகு இந்தக் கட்டாயம் எதுவும் இல்லை. ஒவ்வொரு படமும் தனிப் போஸ்ட் கார்டு. வேண்டியதை எடுத்துக் கட்டிக்கொள்ளலாம். வேண்டாததைத் தானாகவே கழிக்கிற கருவிகளும் வந்துவிட்டன. அந்த வேலைக்கு ஆங்கிலத்தில் 'மரத்தை உலுக்குதல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 2015ஆம் வருஷம் ரிச் ஹாரிஸ் என்பவர் ரோலப் என்ற கருவியைச் செய்தபோது அந்தப் பெயர் எங்கும் பரவியது. நாம் புளியமரத்தை உலுக்கினால் விழுகிறதைப் பொறுக்கிக்கொள்வோம். இவர்கள் விழுகிறதை விட்டுவிட்டு மரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதை எடுத்துக்கொள்கிறார்கள். அதுதான் வித்தியாசம்.

"அப்படியானால் ஒட்டகம் விழுந்திருக்க வேண்டுமே?" என்று கேட்டேன்.

"விழாது மாமா. இங்க ஒரு குமாஸ்தாவை உட்கார வச்சிருக்காங்க. பேரைச் சொன்னா படத்தை எடுத்துக் கொடுப்பான். யார் வந்து என்ன பேரைச் சொல்லுவாங்கன்னு முன்கூட்டி அவனுக்குத் தெரியாதில்லீங்களா? அதனால எல்லாத்தையும் அலமாரியில அடுக்கி வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கான். உலுக்கறவன் வந்து பார்த்தா, குமாஸ்தாவுக்கு எல்லாமே வேணும்னுதான் தெரியும். ஒண்ணையும் கழிக்க மாட்டான்."

இதைக் கேட்டதும் எனக்கு நான் பழகிய பழைய அச்சுக்கூடம் நினைவு வந்தது. 1975ஆம் வருஷம் என்னுடைய முதல் தொடர்கதையைச் சின்ன அச்சுக்கூடம் ஒன்றில் கையால் அச்சுக்கோத்தார்கள். கம்பாஸிட்டர் வயதானவர். அவர் முன்னால் சாய்த்து வைத்த பெட்டியில் அறை அறையாக ஈய எழுத்துக்கள் கிடக்கும். எல்லா எழுத்துக்கும் ஒரே அளவு அறை கிடையாது. அடிக்கடி வருகிற எழுத்துக்குப் பெரிய அறை, கைக்கு எட்டுகிற இடத்தில். எப்போதோ வருகிற எழுத்துக்கு ஓரத்தில் ஒரு சின்னக் குழி. தமிழில் 247 எழுத்து என்று வாத்தியார் சொல்லிக்கொடுக்கிறார். 'ஙௌ'வுக்கு அந்தப் பெட்டியில் யாரும் ஈயம் காய்ச்சி ஊற்றி வைத்திருக்கவில்லை.

என்னுடைய கதாநாயகிக்கு நான் உஷா என்று பெயர் வைத்திருந்தேன். மூன்றாவது அத்தியாயம் கோக்கிறபோது கம்பாஸிட்டர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார்.

"சார், தப்பா நெனைச்சுக்கக் கூடாது. உங்க கதாநாயகி பேரை மாத்த முடியுமா?"

"ஏன்? பெயருக்கு என்ன குறைச்சல்?"

"பேரு நல்ல பேருதான். நம்மகிட்ட 'ஷா' இல்லே. நாப்பது வச்சிருந்தேன். எட்டுப் பக்கத்துக்குள்ளே எல்லாத்தையும் அந்தம்மாவே எடுத்துக்கிட்டாங்க!"

உஷா கமலாவானாள். கதைக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. வாசகர்களில் ஒருவர்கூட, "கமலா ஏன் உஷாவாக இல்லை?" என்று கடிதம் எழுதவில்லை. 1978ஆம் வருஷம் தமிழ்நாட்டு அரசாங்கம் 13 எழுத்துக்களின் வடிவத்தை மாற்றியபோது 'ணை', 'லை', 'னை' எல்லாம் தும்பிக்கையை இழந்து சாதுவாக நிற்க ஆரம்பித்தன. கம்பாஸிட்டர் பெட்டியில் சில குழிகள் காலியாயின. அவர் சந்தோஷப்பட்டார்.

அந்த மனிதர் அலமாரி நிறைய எழுத்தை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. அவருக்கு அந்த வசதி கிடையாது. ஒவ்வொரு எழுத்தும் ஈயம், ஈயத்துக்குக் காசு, அந்தக் காசு முதலாளியின் காசு. ஆகவே எது வேண்டும், எவ்வளவு வேண்டும் என்று அச்சுக்கூடக்காரர்கள் மிகவும் கவனமாக இருந்தார்கள். இன்றைக்கு ஐகானுக்கு ஈயம் வேண்டாம். ப்ரோகிராம் எழுதுகிறவர் ஒரு வரி எழுதினால் 1,500 படமும் வந்து இறங்கிவிடுகின்றன. அவருக்கு அது இலவசம். அவர் கம்பெனிக்கும் ஏறக்குறைய இலவசம். அப்படியானால் செலவு யாருடையது? பார்க்கிறவனுடைய செலவு. அவனுடைய போனின் பாட்டரி. அவன் ரீசார்ஜ் செய்து வைத்த டேட்டா. அவன் பாறைமேல் நிற்கிற நிமிஷம். அடுக்கி வைத்தவர் ஒருவர், சுமக்கிறவன் ஒருவன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கப் போவதே இல்லை.

'இதெல்லாம் பழைய கவலை ஐயா, 2022ஆம் வருஷமே 5ஜி வந்துவிட்டதே' என்று ஒரு நண்பர் என்னிடம் சொன்னார். வந்துவிட்டதுதான். ஆனால் அது எல்லா ஊருக்கும், எல்லாச் சந்துக்கும், எல்லாருடைய போனுக்கும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. சாலை அகலமானால் லாரி பெரிதாவதும் உலக வழக்கம். முன்பு பத்துப் படம் ஏற்றிய இடத்தில் இப்போது ஆயிரம் ஏற்றுகிறார்கள். அகலமான சாலையில் அது தெரிவதில்லை. மலைப்பாதையில் தெரிகிறது.

சரி, என் தங்கை மகன் என்ன செய்தான் என்று சொல்கிறேன். குமாஸ்தாவை முதலில் வேலையிலிருந்து நீக்கினான். பிறகு ப்ரோகிராம் முழுவதையும் தேடச் சொல்லி, எங்கெங்கே எந்தப் படத்தின் பெயர் வருகிறது என்று ஒரு ஜாபிதா எடுத்தான். 27 பெயர் வந்தது. டெலிபோன், இடக்குறி, பூதக்கண்ணாடி, மணி, பின்னால் போகிற அம்பு என்று எல்லாம் சாதாரணமானவை. அந்த 27ஐயும் ஒரே கட்டாகக் கட்டிப் பக்கத்தோடேயே சேர்த்துவிட்டான். தனித் தனியாக வேண்டும்போது வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்டேன். மலையில் ஒவ்வொரு நடைக்கும் நேரம் பிடிக்கும். 27 நடையைவிட ஒரு சின்ன மூட்டை மேல் என்றான். சரிதான் என்று பட்டது.

வெளியே விடுவதற்கு முன்னால் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தான். பெயர்கள் பளிச்சென்று வந்தன. ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் இருக்கவேண்டிய ரத்தத் துளியைக் காணோம். துளி இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

அந்தத் துளி அலங்காரத்துக்காக வைத்ததல்ல. ரத்தம் கொடுத்தவர் உடனே மறுபடியும் கொடுக்கக் கூடாது. ஆண்கள் 90 நாளும் பெண்கள் 120 நாளும் பொறுக்க வேண்டும். ஆகையால் கொடுக்கத் தயாராக இருப்பவருக்கு முழுத் துளி. கெடு முடியாதவருக்குப் பாதித் துளி. உடம்பு சரியில்லாமல் விலகியிருப்பவருக்குக் குறுக்கே கோடு போட்ட துளி. நிறத்தை மட்டும் மாற்றியிருக்கலாம். ஆனால் சில கண்களுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றாகவே தெரியும். வெயிலில் பிடித்துப் பார்த்தால் யாருக்குமே நிறம் தெரியாது. அதனால் உருவத்தையே மாற்றி வைத்திருந்தார்கள். அந்த மூன்று துளியும்தான் அந்தப் பட்டியலுக்கு உயிர். மற்ற 27 படமும் போனாலும் எழுத்தைப் படித்துச் சமாளித்துவிடலாம். துளி இல்லாவிட்டால் போன வாரம் ரத்தம் கொடுத்தவரை நள்ளிரவில் எழுப்பிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

தேடுகிறபோது அது ஏன் அகப்படவில்லை? ப்ரோகிராமில் எந்த இடத்திலும் 'பாதித் துளி' என்ற பெயர் முழுசாக எழுதப்பட்டிருக்கவில்லை. 'துளி' என்பது ஒரு இடத்தில் இருந்தது. 'பாதி'யா 'முழு'வா என்பது அந்த மனிதர் கடைசியாக ரத்தம் கொடுத்த தேதியைப் பார்த்த பிறகுதான் தீர்மானமாகும். அந்தச் சமயத்தில் இரண்டையும் ஒட்டிப் பெயர் உண்டாகிறது. பெயரே பிறக்காதபோது அதைத் தேடுகிறவனுக்கு எப்படிக் கிடைக்கும்?

"இதொண்ணும் புதுசில்லையடா, தமிழில் நாம் தினமும் செய்கிற காரியம்தான்" என்றேன். அவன் என்னைப் பார்த்தான். 'பொற்குடம்' என்று ஒரு வார்த்தை எழுதுகிறோம். அதில் 'பொன்' எங்கே இருக்கிறது? எழுத்தை வைத்துத் தேடினால் அகப்படாது. 'மரத்தடி' என்கிறோம்; மரத்தின் கடைசி மகர ஒற்று மாயமாய்ப் போய்விட்டது. என்னுடைய நாவல் ஒன்றை வைத்துக்கொண்டு, அதில் உள்ளபடி வராத வார்த்தைகளையெல்லாம் அகராதியிலிருந்து கிழித்துப் போடு என்று ஒருவரிடம் சொன்னால், பொன்னும் மரமும் குப்பைக்குப் போனாலும் போய்விடும். சென்னைப் பல்கலைக் கழகத்தார் 1924லிருந்து 1936 வரையில் ஆறு தொகுதியாகத் தமிழ் லெக்ஸிகனை வெளியிட்டார்கள். 1,04,405 வார்த்தைகள். கதை எழுதுகிறவன் அவ்வளவையும் தோளில் தூக்கிக்கொண்டு திரிய வேண்டியதில்லை. ஒரு நாவலுக்குச் சில ஆயிரம் போதும். ஆனால் அந்தச் சில ஆயிரம் எவை என்று கண்டுபிடிக்க, வார்த்தையை எண்ணுகிறவன் போதாது. வாக்கியத்தைப் படிக்கத் தெரிந்தவன் வேண்டும்.

அவன் வாக்கியத்தைப் படித்தான். ஒட்டுகிற வேலையை எடுத்துவிட்டு, 'தேதி இப்படியானால் இந்தத் துளி, அப்படியானால் அந்தத் துளி' என்று மூன்று பெயரையும் முழுசாக எழுதிவைத்தான். இனிமேல் யார் தேடினாலும் கிடைக்கும். ஆக மொத்தம் 30 படம். 30ஐ 400ஆல் பெருக்கினால் 12,000 எழுத்து. முன்பிருந்த 6,00,000த்தில் நூற்றுக்கு இரண்டு பங்கு. ஒரு நிமிஷம் என்று கணக்குப் போட்ட சுமை ஒரு விநாடிச் சுமையாகிவிட்டது.

ஒரு தேசத்துக்கே ஐம்பது படம் போதும் என்று அமெரிக்காவில் ஒரு சமயம் தீர்மானித்தார்கள் என்று அப்புறம் படித்தேன். விமான நிலையம், ரயில் நிலையம் எல்லாவற்றிலும் வைப்பதற்காக அங்கே போக்குவரத்து இலாகாவும் சித்திரக்காரர்களின் சங்கமும் சேர்ந்து 1974ஆம் வருஷம் 34 படங்களை வெளியிட்டார்கள். 1979இல் இன்னும் 16 சேர்த்தார்கள். டெலிபோன், மாடிப்படி, மூட்டை தூக்குகிற இடம், ஆண், பெண். பாஷை தெரியாத பிரயாணி வழி கண்டுபிடிக்க இவை போதும் என்று உட்கார்ந்து பேசி முடிவு செய்திருக்கிறார்கள். ஐம்பதோடு நிறுத்துவதற்கு எவ்வளவு சண்டை போட்டிருப்பார்களோ! ஆயிரத்து ஐந்நூறை அடுக்கி வைப்பதற்குச் சண்டை எதுவும் தேவையில்லை.

இரண்டு மாதம் கழித்து அந்த வாலிபர்களில் ஒருவர், இன்னும் ஒரு படத்தைக் கழித்துவிடலாமே என்று யோசனை சொன்னார். சமிக்ஞை அறுந்துபோனால் திரையில் வருகிற படம் அது. கோபுரத்தின்மேல் குறுக்கே ஒரு கோடு. "இதுவரைக்கும் ஒருத்தர் கண்ணுலயும் பட்டதா யாரும் சொல்லலீங்களே" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. சிக்கனம் என்று ஆரம்பித்த பிறகு கை சும்மா இருக்காது.

என் தங்கை மகன் ஒப்புக்கொள்ளவில்லை. மற்ற எந்தப் படத்தையும் இல்லாவிட்டால் போய் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். இது வேண்டியிருக்கிற சமயத்தில் போய் வாங்க வழியே இருக்காது. வழி அறுந்துவிட்டது என்று சொல்வதுதானே இதன் வேலை! ஆகவே இது முன்கூட்டியே போனுக்குள் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும் என்றான். பாறைமேல் நிற்கிறவனுக்கு வெறும் வெள்ளைத் திரையைக் காட்டினால், பார்க்கத் தெரியாத குற்றம் தன்னுடையது என்று அவன் நினைத்துக்கொள்கிறான். அந்தச் சின்னக் கோபுரத்தைப் பார்த்தால், கோளாறு தன்னிடம் இல்லை, சமிக்ஞையில்தான் என்று அவனுக்குத் தெரியும். அடுத்த பாறையைத் தேடிப் போவான்.

அந்தப் படம் இன்னும் இருக்கிறது. முப்பதில் ஒன்று, நானூறு எழுத்து.